தூதரக வேலை என்றால் என்ன? ஐ.எஃப்.எஸ். பணியைத் தொடக்கத்திலிருந்து புரிந்துகொள்ள

குடிமைப் பணித் தேர்வு எழுதுகிறவர்கள் எந்தப் பணி முதலில் வேண்டும், எது அடுத்து என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். ஐ.ஏ.எஸ். என்றால் கலெக்டர், ஐ.பி.எஸ். என்றால் எஸ்.பி. இரண்டும் நம் கண்ணெதிரே நடக்கும் வேலைகள். இந்திய வெளியுறவுப் பணி அப்படியில்லை. அந்த அதிகாரி அன்றாடம் என்ன செய்கிறார் என்பதை மாவட்டத்தில் யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதனால் அதை எந்த இடத்தில் வைப்பது என்பதைப் பலரும் ஊகத்தில்தான் முடிவு செய்கிறார்கள். 'வெளிநாட்டிலேயே இருக்கலாம்' என்று முன்னால் வைப்பவர்கள் உண்டு. 'நம் ஊரில் யாருக்கும் தெரியாத வேலை' என்று பின்னால் தள்ளுபவர்களும் உண்டு.

போகிற போக்கில் எடுக்கும் முடிவு இல்லை இது. ஐ.ஏ.எஸ்.ஸிலோ வெளியுறவுப் பணியிலோ சேர்ந்துவிட்டவர், அந்தப் பணியில் இருக்கும்வரை மறுபடி இந்தத் தேர்வை எழுத முடியாது. 25 வயதில் போடும் வரிசை எண் அடுத்த 35 ஆண்டுகளை நிர்ணயித்துவிடும். அதனால் வேலையின் உள்விவரம் தெரிந்துகொண்டு எழுதுவது நல்லது.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். வனப் பணியையும் ஐ.எஃப்.எஸ். என்றே சொல்வார்கள். அதற்கு முதன்மைத் தேர்வு தனி, பாடங்களும் தனி. இங்கே பேசுவது வெளியுறவுப் பணியைப் பற்றி. சுதந்திரத்துக்கு முன்பே, 1946 அக்டோபர் 9 அன்று இந்தப் பணியை உருவாக்க அரசு முடிவெடுத்தது. இன்று உலகம் முழுக்க இந்தியாவுக்குச் சுமார் 200 தூதரகங்களும் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. இந்தப் பணியில் இருக்கும் அதிகாரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். அதிலும் ஒரு பெரிய பங்கு டெல்லியில் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பல நாடுகளில் இந்தியத் தூதரகம் என்பது இரண்டு மூன்று அதிகாரிகளும் சில ஊழியர்களும்தான். வாஷிங்டன், லண்டன் போன்ற பெரிய இடங்களை மனதில் வைத்துக்கொண்டு இந்த வேலையைக் கற்பனை செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

யார் தூதர், யார் ஹை கமிஷனர்?

காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தலைமைப் பிரதிநிதிக்கு ஹை கமிஷனர் என்று பெயர். கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், லண்டனில் இருப்பவர்கள் அப்படி. மற்ற நாடுகளில் அவரே தூதர். வேலையில் வித்தியாசம் ஏதும் கிடையாது. தலைநகரத்துக்கு வெளியே மற்ற நகரங்களில் இருப்பது துணைத் தூதரகம். அதன் தலைவர் கான்சல் ஜெனரல். இலங்கையில் கொழும்பில் ஹை கமிஷன், யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் துணைத் தூதரகம், கண்டியில் உதவி ஹை கமிஷன் என்று இந்தியாவுக்கு நான்கு அலுவலகங்கள் உண்டு.

பதவி ஏணி மூன்றாம் செயலரில் தொடங்கும். பிறகு இரண்டாம் செயலர், முதல் செயலர், கவுன்சிலர், மினிஸ்டர், கடைசியில் தூதர். இங்கே மினிஸ்டர் என்பது ஒரு தூதரகப் பதவி; அமைச்சரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதே ஆள் டெல்லிக்குத் திரும்பினால் சார்புச் செயலர், துணைச் செயலர், இயக்குநர், இணைச் செயலர் என்று வேறு பெயரில் உட்காருவார். மொத்தப் பணிக்கும் தலைவர் வெளியுறவுச் செயலர். அந்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் என்பதால், மிகத் திறமையான பலரும் அதை எட்டாமலே ஓய்வு பெறுவார்கள்.

அன்றாட வேலை

தூதரகத்தின் வேலையைப் பொதுவாக அரசியல், வணிகம், தூதரகச் சேவை, பத்திரிகை மற்றும் பண்பாடு, நிர்வாகம் என்று பிரித்துக்கொள்வார்கள். இதில் எல்லோரும் கனவு காண்பது அரசியல் பிரிவை. அங்கே உண்மையில் நடப்பது முக்கால்வாசி வாசிப்பும் எழுத்தும்.

ஒரு இரண்டாம் செயலரை எடுத்துக்கொள்வோம். காலையில் அந்த நாட்டுப் பத்திரிகைகளை அந்த நாட்டு மொழியிலேயே படிப்பார். தூதர் அங்குள்ள அமைச்சரைப் பார்க்கப் போகும்போது நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இவர். பேச்சு முடிந்து திரும்பியதும் குறிப்பை எழுதி முடிக்க வேண்டும், பெரும்பாலும் அன்றைக்கே. அந்தக் குறிப்பில் என்ன இருக்கும்? யார் என்ன சொன்னார், எந்த வரிசையில் சொன்னார், நாம் கேட்டதற்கு நேரடியாகப் பதில் வந்ததா, எதைத் தொட்டதும் பேச்சை மாற்றினார். எதிரில் இருந்தவர் சொன்னதையும் அதைப் பற்றி நாம் நினைப்பதையும் கலந்து எழுதவே கூடாது. நம் மதிப்பீட்டைக் கடைசியில் தனியாகச் சேர்க்கலாம். டெல்லியில் இதைப் படிக்கப் போகிறவரிடம் இதே போல் இன்னும் பல குறிப்புகள் காத்திருக்கும்; ஒன்றரைப் பக்கத்தில் விஷயம் வராவிட்டால் எழுதிய உழைப்பு வீண். ரகசியமானது என்றால் சங்கேதமாக்கப்பட்ட செய்தியாகப் போகும்.

இந்த ஒரு திறமைதான், அதாவது கவனமாகக் கேட்டு, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதுதான், இந்தப் பணியின் அடிப்படை என்று நான் நினைக்கிறேன். சரளமாகப் பேசுகிறவர்கள் இங்கே ஜொலிப்பார்கள் என்று வெளியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சேர்ந்த முதல் பத்து ஆண்டுகளுக்குப் பேசும் வாய்ப்பு குறைவு. எழுத வேண்டியது மலைபோல் இருக்கும்.

எழுத்திலும் சில மரபுகள் உண்டு. ஒரு தூதரகம் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதும் வழக்கமான கடிதத்தில் 'நான்', 'நாங்கள்' வராது. முழுக் கையெழுத்தும் இருக்காது; சுருக்கொப்பமும் முத்திரையும் மட்டும். 'இந்தியத் தூதரகம் அமைச்சகத்துக்குத் தன் வணக்கங்களைத் தெரிவித்துக்கொள்கிறது' என்று தொடங்கி, விஷயத்தைச் சொல்லி, 'தன் மிக உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிசெய்துகொள்கிறது' என்று முடியும். உள்ளே இருப்பது கண்டனமாக இருந்தாலும் பெரும்பாலும் இதே வணக்கத்தோடுதான் போகும். வெற்றுச் சடங்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இரண்டு நாடுகளும் மோசமான நிலையில் இருக்கும்போதுகூடக் கடிதப் போக்குவரத்து அறுந்துபோகாமல் இருக்க இந்த இறுக்கமான நடை உதவுகிறது.

அடுத்தது, உத்தரவு. தூதரக அதிகாரி தன் சொந்தக் கருத்தைப் பேச அனுப்பப்பட்டவர் இல்லை. தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஜெனீவா. ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை தொடர்பாக வந்த தீர்மானங்களில் 2012-லும் 2013-லும் இந்தியா ஆதரவாக வாக்களித்தது; 2014-ல் வாக்களிப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கியது. எப்படி வாக்களிப்பது என்பதை டெல்லி முடிவு செய்யும். அரங்கில் இருக்கும் அதிகாரி அதை நிறைவேற்றுவார், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. முடிவெடுப்பதற்கு முன்னால், உள்ளுக்குள், 'இது சரியில்லை, இந்தக் காரணங்களால்' என்று எழுத உரிமை உண்டு, எழுதவும் வேண்டும். முடிவு வந்த பிறகு வெளியில் முகம் சுளிக்கக்கூட முடியாது. பொதுவெளியில் கருத்துச் சொல்லாமல் இருக்கவே முடியாது என்கிற இயல்புள்ளவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும்.

துணைத் தூதரகத்தின் கவுன்ட்டர்

தூதரகம் என்றால் சாதாரண மக்களுக்குத் தெரிவது தூதரகச் சேவைப் பிரிவுதான். பாஸ்போர்ட், சான்றொப்பம், குழந்தை பிறப்புப் பதிவு, சிறையில் இருப்பவரைப் பார்ப்பது, சம்பளம் தராத முதலாளியோடு பேசுவது என எல்லாம் அங்கேதான். அரசியல் பிரிவோடு ஒப்பிட்டு இதை இரண்டாம் தரமாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஒரு குடிமகனுக்கு அரசு நேரடியாகத் தேவைப்படும் இடம் இது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் மாரடைப்பில் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடலை ஊருக்கு அனுப்ப என்னென்ன வேண்டும்? முதலில் மருத்துவமனையின் இறப்பு அறிக்கை. பிறகு அந்த நாட்டுக் காவல்துறையின் அனுமதி. விபத்து, தற்கொலை, சந்தேகம் என்றால் விசாரணை முடியும்வரை உடல் நகராது. ஊரிலிருந்து குடும்பத்தாரின் சம்மதக் கடிதம் வேண்டும்: உடலை அனுப்ப வேண்டுமா, அங்கேயே அடக்கம் செய்யலாமா, காரியங்களைப் பார்க்க யாருக்கு அதிகாரம் கொடுக்கிறார்கள் என்று அதில் இருக்கும். கணவனை இழந்து இரண்டு நாள்கூட ஆகாத பெண் கையெழுத்துப் போட வேண்டிய கடிதம் அது. பிறகு கஃபீல் எனப்படும் வேலைகொடுத்தவர் பாக்கிச் சம்பளத்தைக் கணக்கு முடிக்க வேண்டும். விமானச் செலவை அவர் ஏற்கிறாரா என்று பார்க்க வேண்டும். தூதரகம் இறப்பைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, ஆட்சேபணை இல்லை என்று சான்று தரும். உடலைப் பதப்படுத்திய சான்று, சவப்பெட்டி, விமானச் சரக்குப் பதிவு எல்லாம் முடிந்தால்தான் திருச்சி விமான நிலையத்தில் ஆம்புலன்ஸ் காத்திருக்க முடியும்.

இதில் ஒரு காகிதம் தாமதமானால் ஒட்டுமொத்தமும் நிற்கும். வேலைகொடுத்தவர் கையை விரித்தால், இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது; 2009-ல் தொடங்கப்பட்டது. உடலை அனுப்பவும், கைவிடப்பட்ட தொழிலாளிக்கு டிக்கெட் எடுக்கவும், சட்ட உதவிக்கும் அதிலிருந்து செலவு செய்யலாம். அந்தச் செலவுக்குக் கோப்பு எழுதி, ஒப்புதல் வாங்கி, அன்று மாலைக்குள் விமான நிறுவனத்தோடு பேசி முடிப்பது அங்கே இருக்கும் இளம் அதிகாரியும் உள்ளூர் ஊழியர்களும் செய்யும் வேலை. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டவருக்கு ஒருவழிப் பயணச் சான்று கொடுப்பதும் இவர்களே. வளைகுடாவில் நம் ஆட்கள் அதை அவுட்பாஸ் என்பார்கள்.

யாழ்ப்பாணத் துணைத் தூதரகத்தில் இருப்பவருக்கு இதே வேலை வேறு வடிவத்தில் வரும். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட தமிழ்நாட்டு மீனவர்களைச் சிறையில் போய்ப் பார்ப்பது, நீதிமன்றத் தேதிகளைப் பின்தொடர்வது, விடுதலையானதும் ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்வது எல்லாம் அங்கே வழக்கமான பணி.

போர் வந்தால் எல்லாப் பிரிவும் தூதரகச் சேவைப் பிரிவாகிவிடும். 1990-ல் குவைத்தை ஈராக் பிடித்தபோது சுமார் 1,70,000 இந்தியர்கள் விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள். 2022-ல் உக்ரைனிலிருந்து 22,500-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பினார்கள். அதில் தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்களும் நிறைய. 2023-ல் சூடானில் சண்டை மூண்டபோது, 'ஆபரேஷன் காவேரி' என்ற பெயரில் நடந்த மீட்பில், மக்களைப் பேருந்துகளில் துறைமுக நகரமான போர்ட் சூடானுக்குக் கொண்டுவந்து, கடற்படைக் கப்பலிலும் விமானப்படை விமானத்திலும் ஜித்தாவுக்கு அனுப்பினார்கள். 3,800-க்கும் மேற்பட்டவர்கள் அப்படி வெளியேறினார்கள். விமானமும் கப்பலும் டிவியில் தெரியும். எந்தப் பேருந்து எந்தப் பாதையில், டீசல் எங்கே, பட்டியலில் யார் பெயர் விட்டுப்போனது என்று இரவெல்லாம் போனில் இருந்தவர்கள் தெரிவதில்லை.

டெல்லி

பணிக்காலம் முழுக்க வெளிநாடு என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் ஒன்றோ இரண்டோ தவணை, பிறகு டெல்லியில் ஒரு தவணை என்று மாறி மாறி வரும். ஒரு தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. டெல்லியில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு டெஸ்க் இருக்கும். அந்த டெஸ்க்கில் இருக்கும் சார்புச் செயலருக்கு நாடாளுமன்றக் கேள்விகளுக்கு வரைவுப் பதில், பிரதமரோ அமைச்சரோ அந்த நாட்டுக்குப் போகிறார் என்றால் அவர் கையில் கொடுக்க வேண்டிய குறிப்புகள், மற்ற அமைச்சகங்களோடு ஓயாத கடிதப் போக்குவரத்து என்று நாள் ஓடும். ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு முன்னால் கிளம்ப முடியாத நாட்கள் நிறைய. வெளிநாட்டுப்படி இல்லாமல், டெல்லி வாடகையும் டெல்லிப் போக்குவரத்துமாக வாழும் காலம் அது. கொள்கை உருவாகும் இடமும் அதுவே என்பதால் முழுக்கத் தவிர்க்க நினைப்பவர்கள் வளர முடியாது.

மொழி ஒதுக்கீடு

தேர்வானதும் முசௌரியில் அடிப்படைப் பயிற்சி. பிறகு டெல்லியில் உள்ள சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனம். 1986-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு 2020-ல் இந்தப் பெயர் வைத்தார்கள். அங்கே சர்வதேசச் சட்டம், வணிகம், நெறிமுறை, இந்தியாவுக்குள் சுற்றுப்பயணம், மாவட்டத்திலும் ராணுவத்திலும் சில காலம் என்று எல்லாம் உண்டு.

ஆனால் அந்தக் காலத்தின் மிகப் பெரிய முடிவு, ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்படும் கட்டாய வெளிநாட்டு மொழி. அரபு, சீனம், ரஷ்யன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், ஜப்பானியம், போர்ச்சுகீசு, பாரசீகம் போன்றவற்றில் அந்த ஆண்டுத் தேவை, உங்கள் தரவரிசை, உங்கள் விருப்பம் மூன்றையும் பார்த்து ஒன்று கிடைக்கும். முதல் போஸ்டிங் அந்த மொழி பேசும் நாட்டில்தான், மூன்றாம் செயலராக. முதல் வேலை மொழி படிப்பது. அந்தத் தேர்வில் தேறாமல் பணி உறுதியாகாது.

இதை ஏன் பெரிய முடிவு என்கிறேன்? சீனம் எடுத்தவருக்குப் பெய்ஜிங், ஷாங்காய், டெல்லியில் கிழக்காசியப் பிரிவு என்று ஒரு பாதை தானாக உருவாகும். போர்ச்சுகீசு என்றால் லிஸ்பனும் பிரேசிலும் மட்டுமில்லாமல் மொசாம்பிக், அங்கோலாவும் உங்கள் வரைபடத்தில் வந்துவிடும். பிரெஞ்சு என்றதும் பாரிஸை மட்டும் நினைப்பவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவையும் சேர்த்து நினைக்க வேண்டும். சென்னையில் பிறந்த டி.எஸ். திருமூர்த்தியின் பயணம் கெய்ரோ, காசா, ஜெனீவா, வாஷிங்டன், ஜகார்த்தா, கோலாலம்பூர் என்று நீண்டு, நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதி பதவியில் போய் நின்றது. காசாவில் பாலஸ்தீன ஆணையத்துக்கு இந்தியாவின் முதல் பிரதிநிதியாக இருந்தவர் அவர். மறுபக்கம், எஸ். ஜெய்சங்கர் 1977-ல் பணியில் சேர்ந்து ரஷ்ய மொழி படித்தவர். 1988 முதல் 1990 வரை கொழும்பில் இருந்தார், பிறகு டோக்கியோ, ப்ராக், சிங்கப்பூர் என்று போய், 2009-லிருந்து 2013 வரை சீனாவில் தூதராக இருந்தார். மொழி பாதையைத் திறந்துவிடும், கட்டிப்போடாது.

விலக்குரிமை பற்றிக் கொஞ்சம்

தூதரக அதிகாரியை வெளிநாட்டில் கைது செய்ய முடியாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1961-ல் வியன்னாவில் கையெழுத்தான ஒப்பந்தம்தான் இதற்கு அடிப்படை. தூதரக அதிகாரியைக் கைது செய்யக் கூடாது, தூதரக வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது, தூதரகத்தின் அலுவல் கடிதங்கள் போகும் தூதரகப் பையைத் திறக்கக் கூடாது. அதே ஒப்பந்தம் உள்ளூர்ச் சட்டத்தை மதித்து நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த உரிமை அதிகாரியுடைய சொத்து கிடையாது, அனுப்பிய நாட்டுடையது. நாடு நினைத்தால் விலக்கிக்கொள்ளலாம். பிடிக்காத அதிகாரியை, காரணம் சொல்லாமலே, திரும்பப் போகச் சொல்லும் உரிமை எதிர்த்தரப்புக்கு எப்போதும் உண்டு.

துணைத் தூதரகத்தில் இருப்பவருக்கு 1963-ன் வேறு ஒப்பந்தம். அதில் பாதுகாப்பு குறைவு. முக்கியமாக அலுவல் சார்ந்த செயல்களுக்குத்தான். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி ஒருவர் கைதானபோது இரண்டு நாடுகளும் மோதிக்கொண்டதன் சட்டப் பின்னணி இந்த வித்தியாசம்தான்.

குடும்பம்

இந்த வேலையைத் தேர்ந்தெடுப்பதில் மிகக் கனமான கேள்வி இதுதான். அதைச் சொல்ல சி.பி. முத்தம்மாவிலிருந்து தொடங்க வேண்டும்.

குடகில் பிறந்து, சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர் அவர். குடிமைப் பணித் தேர்வில் வென்ற முதல் பெண். 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணும் அவரே. அப்போதைய விதிகளைப் படித்தால் இன்று ரத்தம் கொதிக்கும். பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். திருமணமான பெண் இந்தப் பணியில் நியமனத்தை உரிமையாகக் கேட்க முடியாது. ஆண்களுக்கு இப்படி எதுவும் இல்லை. 30 ஆண்டு பணிக்குப் பிறகு பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே உயர்வு கொடுக்கப்பட்டது, மனு முடித்துவைக்கப்பட்டது. ஆனால் 1979 தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இந்த விதிகளைக் கடுமையாகச் சாடி, பாகுபாடுள்ள பணி விதிகளை அரசு திருத்த வேண்டும் என்றார். 2001-ல் சொகிலா ஐயர் முதல் பெண் வெளியுறவுச் செயலரானார். நிருபமா ராவ், சுஜாதா சிங் பின்னர் வந்தார்கள்.

விதி மாறினாலும் வாழ்க்கையின் சிக்கல் முழுதாக மாறவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒரு நாடு என்றால் கணவனோ மனைவியோ தன் வேலையை என்ன செய்வது? பல நாடுகளில் தூதரக அதிகாரியின் துணைவர் வேலை பார்க்க இரு நாட்டு ஒப்பந்தமோ தனி அனுமதியோ வேண்டும். கிடைத்தாலும் மூன்று ஆண்டில் மூட்டை கட்ட வேண்டும். ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்களின் சான்றிதழ் அடுத்த நாட்டில் செல்லாமல் போகலாம். பிள்ளைகள் ஐந்தாறு பள்ளி மாறுவார்கள். சிலருக்கு அது நாலு மொழியையும் எங்கே போனாலும் பொருந்திக்கொள்ளும் தைரியத்தையும் கொடுக்கும். சிலருக்கு ஒட்டுறவான நண்பர்களே இல்லாமல் போகும். ஊரில் வயதான பெற்றோர் இருந்தால், பின்னிரவில் வரும் போன் அழைப்பைப் பற்றி யோசித்து வைத்துக்கொள்வது அவசியம். திருமணத்துக்கு முன்பே துணைவரோடு உட்கார்ந்து வெளிப்படையாகப் பேச வேண்டிய விஷயங்கள் இவை. வெளிநாட்டவரைத் திருமணம் செய்ய இன்றும் அரசின் அனுமதி வேண்டும். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன், பர்மாவைச் சேர்ந்த உஷாவை மணக்க நேருவின் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

சம்பளம், சிரமம், ஆபத்து

தொடக்க அடிப்படைச் சம்பளம் ஐ.ஏ.எஸ். போலவே ஏழாவது ஊதியக் குழுவின்படி 56,100 ரூபாய். வெளிநாட்டில் இருக்கும்போது அந்த ஊர் விலைவாசிக்கு ஏற்ப வெளிநாட்டுப்படி, அரசுச் செலவில் வீடு, மருத்துவம், பிள்ளைகளின் படிப்புச் செலவு கிடைக்கும். வசதியான வாழ்க்கைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தூதரகங்களை வாழ்க்கைச் சிரமத்தைப் பொறுத்துத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். வசதியான ஊரில் ஒரு தவணை என்றால், மின்சாரமும் மருத்துவமும் நம்ப முடியாத ஊரில் ஒரு தவணை என்று சுற்றி வரும். 2008 ஜூலை 7 அன்று காபூலில் இந்தியத் தூதரக வாசலில் வெடித்த குண்டில், வெளியுறவுப் பணி அதிகாரி வி. வெங்கடேஸ்வர ராவ் உயிரிழந்தார். ராணுவ அதிகாரியும் காவலர்களும் அவரோடு இறந்தார்கள். அதற்குப் பிறகும் காபூலுக்கு அதிகாரிகள் போனார்கள்.

ஐ.ஏ.எஸ்.ஸா, இதுவா?

ஒரு மாவட்டத்தில் சாலை போட்டோம், பள்ளிக்கூடம் கட்டினோம் என்று கண்ணால் பார்க்கும் பலன் உங்களுக்கு முக்கியம் என்றால் ஐ.ஏ.எஸ்.ஸை முதலில் வையுங்கள். வெளியுறவுப் பணியில் பலன் பெரும்பாலும் நடக்காமல் போன விஷயமாக இருக்கும்: வராத தடை, மூளாத சண்டை, தள்ளிப்போன வரி. அதற்குப் பாராட்டு வராது. ஊரில் ஒரு ரெவின்யூ சிக்கலுக்குக்கூட உங்களால் உதவ முடியாது என்று உறவினர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தைத் தாண்டி உலகச் செய்தியைத் தானாகப் புரட்டுகிறவர், புதிய மொழியில் தடுமாறுவதற்கு வெட்கப்படாதவர், தன் பெயர் வராத எழுத்தை ஒழுங்காக எழுதுகிறவர், தனிமையில் சோர்ந்துபோகாதவர் என்றால் இதை முன்னால் வைக்கலாம். ஆங்கிலம் பற்றித் தமிழ்வழி மாணவர்கள் பயப்படுவதைப் பார்க்கிறேன். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத் தேர்வையும் தமிழில் சந்திக்கலாம். ஆங்கிலத் தகுதித் தாளில் தேற வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. சேர்ந்த பிறகு ஆங்கிலத்தில் நிறைய எழுத வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஒன்றுமே தெரியாமல் அரபோ சீனமோ கற்றுத் தேறப் போகிறவருக்கு அது எட்டாத தூரம் இல்லை. ஒரு நடைமுறை விவரம்: ஆண்டுதோறும் எடுப்பது பெரும்பாலும் 30, 40 பேர் என்ற அளவில்தான். பொதுப்பிரிவில் முதல் நூறு, நூற்றைம்பது இடங்களுக்குள் வந்தால்தான் இதைப் பற்றிப் பேசவே முடியும்.

மற்ற வாசல்கள்

யூ.பி.எஸ்.சி. மட்டுமே வழி என்று நினைத்துப் பலர் கதவை மூடிக்கொள்கிறார்கள். பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வில் வெளியுறவு அமைச்சகத்தின் உதவிப் பிரிவு அலுவலர் பதவி இருக்கிறது. வெளியுறவுப் பணியின் 'பி' கிளை அது. அவர்களும் டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் மாறி மாறிப் போவார்கள். தூதரகத்தின் கணக்கு, நிர்வாகம், தூதரகச் சேவைப் பிரிவுகள் பெரிதும் அவர்கள் தோளில்தான் நிற்கின்றன. பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு பதவி உயர்வில் முதன்மைப் பணிக்குள் வருகிறவர்களும் உண்டு. சட்டம் படித்தவர்களுக்கு அமைச்சகத்தில் சட்டம் மற்றும் உடன்படிக்கைப் பிரிவு இருக்கிறது. மொழியில் வல்லவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் பதவிகள் தனி. பாஸ்போர்ட் அலுவலகங்களுக்கென்று தனிப் பணியாளர் அமைப்பு இருக்கிறது. சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் மண்டல அலுவலகங்கள் உள்ளன.

ஏற்கெனவே துபாயிலோ சிங்கப்பூரிலோ குடியிருப்பவர்கள், அங்குள்ள இந்தியத் தூதரகங்கள் உள்ளூரிலேயே ஆள் எடுப்பதைக் கவனிக்கலாம். அலுவலக உதவியாளர், மொழிபெயர்ப்பாளர், வணிகப் பிரிவு அலுவலர் போன்ற வேலைகள் அப்படி வரும். அவர்களுக்கு இடமாற்றம் கிடையாது, விலக்குரிமையும் பெரிதாகக் கிடையாது. ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதிகாரிகள் மாறும் தூதரகத்தில், எந்த மருத்துவமனையில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் காவல் நிலையத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்த ஆள் அவர்தான்.